எமுலேட்டரின் ஏற்றியைப் பராமரிப்பது எப்படி: கியூஎமுவை முன்வைத்து ஒரு முழு வழிகாட்டி

நிரல் விழும் இடத்தில் தவறு இருப்பதில்லை. எமுலேட்டரின் ஏற்றியில் கை வைக்கிற எவரும் முதல் மாதத்திலேயே இதைத் தெரிந்துகொள்வார். ஏற்றி என்பது கோப்பைத் திறந்து, அதன் துண்டுகளை நினைவகத்தில் உரிய முகவரிகளில் வைத்து, அடுக்கை (ஸ்டாக்) நிரப்பி, முதல் கட்டளையிடம் ஓட்டத்தை ஒப்படைக்கும் பகுதி. கண் இமைப்பதற்குள் வேலை முடிந்து அது விலகிவிடும். அது செய்த பிசகோ அரை மணி நேரம் கழித்துச் சம்பந்தமே இல்லாத ஒரு செயல்கூற்றின் நடுவில் வெடிக்கும். பழி நிரலை எழுதியவர்மேல் விழும். இல்லாவிட்டால் கட்டளைகளை மொழிமாற்றும் பகுதியின்மேல் விழும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது கியூஎமு (QEMU). ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் தொடங்கிய திறமூல எமுலேட்டர்; அதாவது ஒரு செயலிக்காக எழுதிய நிரலை வேறு செயலியுள்ள கணினியிலும் ஓட்டும் மென்பொருள். சிங்கப்பூரில் பகலில் அலுவலக வேலை, இரவில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்த நிரல் என்று சில ஆண்டுகள் ஓட்டியவன் எழுதும் குறிப்புகள் இவை. சி மொழியில் சுட்டிகளைக் கண்டு மிரளாதவராகவும் லினக்ஸ் முனையத்தில் பழகியவராகவும் இருந்தால் போதும்.

இரண்டு சொற்களை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். ஓட்டப்படும் அந்நியச் செயலியின் நிரலை ‘விருந்தாளி’ என்கிறேன். அதற்கு இடம் கொடுக்கும் உண்மையான கணினி ‘வீட்டுக்காரர்’.

படி 1: எந்த ஏற்றி என்று தெரிந்துகொள்ளுங்கள்

கியூஎமுவில் ஏற்றிகள் ஒன்றுக்கு மேல். முழுக் கணினியையும் போலச் செய்யும் முறையில், கெர்னலையும் ஃபர்ம்வேரையும் ஏற்றுவது ‘எச்டபிள்யூ’ அடைவுக்குள் ‘கோர்’ உள்ளடைவில் இருக்கும் லோடர் கோப்பு. அது துண்டின் பௌதிக முகவரியைப் பார்க்கும். ஏற்றியதை ரோம் போலப் பதிவுசெய்துகொண்டு, இயந்திரம் மீட்டமைக்கப்படும் ஒவ்வொரு முறையும் மீண்டும் நகலெடுக்கும். முதல் தடவை சரியாக எழும் கெர்னல் மறுதொடக்கத்தில் மட்டும் குழம்பினால் இந்த நகலெடுப்பைத்தான் முதலில் பாருங்கள்.

ஒரே ஒரு லினக்ஸ் நிரலை மட்டும் ஓட்டும் பயனர் முறைக்கு ஏற்றி தனி. ‘லினக்ஸ்-யூசர்’ அடைவில் மூன்று கோப்புகளைத் தேடுங்கள். முதல் சில பைட்களைப் பார்த்து இது எந்த வகைக் கோப்பு என்று முடிவெடுப்பது ஒன்று. லினக்ஸ் நிரல்களின் வழக்கமான வடிவமான ஈஎல்எஃப் கோப்புகளை ஏற்றுவது ஒன்று. நினைவக மேலாண்மை அலகு இல்லாத சிறு செயலிகளுக்கான தட்டை வடிவத்தை ஏற்றுவது ஒன்று. வழுப் புகார்களில் பெரும்பங்கு நடுவில் சொன்னதற்கே வருகிறது என்பது என் அனுபவம். இனி வருவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

டாக்கரில் ஆர்ம் செயலிக்கான படிமத்தை இன்டெல் கணினியில் ஓட்டியிருக்கிறீர்களா? பின்னணியில் கெர்னலின் பின்ஃப்எம்டி-மிஸ்க் வசதி கியூஎமுவின் பயனர் முறையை அழைத்திருக்கும் வாய்ப்பு அதிகம். பலர் தாங்கள் எமுலேட்டர் பயன்படுத்துவதை அறியாமலே பயன்படுத்துகிறார்கள். ஆகவே அவர்களது புகார்கள் வரும்போது ‘என் பைத்தான் நிரல் விழுகிறது’ என்றுதான் வரும்.

படி 2: விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று முடிவுசெய்யுங்கள்

புதிதாக வருகிறவர்கள் ஈஎல்எஃப் வடிவத்தின் ஆவணத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். அந்த ஆவணம் தேவைதான், ஆனால் தீர்ப்புச் சொல்லும் உரிமை அதற்கு இல்லை. விருந்தாளி நிரல்கள் எதிர்பார்ப்பது லினக்ஸ் கெர்னல் என்ன செய்கிறதோ அதை. ஆவணம் ஒன்று சொல்லி, கெர்னல் வேறொன்று செய்து, அதை நம்பி 20 ஆண்டுகளாக நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தால் கெர்னல் செய்வதே சரி.

ஆகவே கெர்னல் மூல நிரலில் ‘எஃப்எஸ்’ அடைவில் இருக்கும் பின்ஃப்எம்டி-எல்ஃப் கோப்பை எப்போதும் பக்கத்துச் சாளரத்தில் திறந்து வையுங்கள். கியூஎமுவில் ஒரு வரியை மாற்றும் முன், அதே நிலையில் கெர்னல் என்ன செய்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள். பிறகு உண்மையான வன்பொருளிலோ, முழுக் கணினி முறையில் ஓடும் லினக்ஸிலோ அதே நிரலை ஓட்டிச் சரிபாருங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் அனுப்பிய பேட்ச் (திருத்தக் கோப்பு) ஒருவேளை சரியாகவே இருக்கலாம், ஆனால் மதிப்பாய்வில் ‘கெர்னல் என்ன செய்கிறது?’ என்ற ஒற்றைக் கேள்வி வந்தால் கையில் பதில் இருக்காது.

படி 3: தலைப்பைப் படிக்கும்போதே சந்தேகப்படுங்கள்

ஈஎல்எஃப் கோப்பின் முதல் நான்கு பைட்கள் தசம எண்ணில் 127, 69, 76, 70. தலைப்பின் நீளம் 32 பிட் கோப்பில் 52 பைட், 64 பிட் கோப்பில் 64 பைட். செயலியின் எண் அதில் இருக்கும்: 32 பிட் ஆர்முக்கு 40, எக்ஸ்86-64க்கு 62, 64 பிட் ஆர்முக்கு 183, ரிஸ்க்-விக்கு 243. தலைப்பைத் தொடர்ந்து நிரல் தலைப்புகளின் அட்டவணை. 64 பிட்டில் ஒவ்வொன்றும் 56 பைட்.

ரீட்எல்ஃப் கருவியால் ஒரு நிரலைப் பிரித்துப் பார்த்து, ஏற்றவேண்டிய துண்டுகள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் கோப்பில் நீளம் எவ்வளவு, நினைவகத்தில் நீளம் எவ்வளவு என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உண்மையாகவே தாளில். திரையில் பார்த்த எண் அடுத்த நிமிடம் மறந்துவிடும்.

கோப்பிலிருந்து வரும் எந்த எண்ணையும் நம்பாதீர்கள். தலைப்புகளின் எண்ணிக்கை 16 பிட் எண், அதாவது அதிகபட்சம் 65,535. அதை 56ஆல் பெருக்கினால் 36,69,960 பைட். இவ்வளவையும் அடுக்கில் ஒதுக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தொடக்க முகவரியோடு நீளத்தைக் கூட்டும் இடங்களில் கூட்டுத்தொகை வழிந்து மறுபடி பூச்சியத்துக்கு அருகே வந்துவிடக்கூடும். விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் பைட் வரிசை வேறானால் புலங்களைத் திருப்பிப் போட்ட பிறகே சோதிக்க வேண்டும். திருப்புவதற்கு முன் சோதிக்கும் ஒரு வரி இன்டெல் கணினியில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்துவிட்டு, எஸ்390 விருந்தாளி வந்த அன்று காட்டிக்கொடுக்கும்.

கியூஎமுவின் ஆவணம், மெய்நிகராக்கம் அல்லாத பயன்பாட்டில் வரும் வழுக்களைப் பாதுகாப்பு வழுக்களாகக் கருதுவதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அதைச் சாக்காக வைத்து எல்லைச் சோதனைகளை விட்டுவிடும் பேட்ச்களை நான் ஏற்பதில்லை. சோதனை இல்லாத ஏற்றி தரும் பிழைச் செய்தி பெரும்பாலும் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ மட்டுமே. புகார் கொடுத்தவருக்கு அதைவிட நல்ல செய்தி கிடைக்க வேண்டாமா?

படி 4: முதலில் இடம் பிடியுங்கள்

தேக்கா நிலையத்தில் ஒரு ஞாயிறு மதியம், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: “அண்ணா, கோப்பில் நான்கு துண்டுகள் இருக்கின்றன. ஏற்றி ஏன் அவற்றை வைக்காமல் முதலில் ஒரு பெரிய வெற்றிடத்தை ஒதுக்குகிறது?”

மேசையில் நாங்கள் வைத்துவிட்டுப் போன டிஷ்யூ பொட்டலத்தைக் காட்டினேன். “நாலு பேருக்கும் சேர்த்து முதலில் இடம் பிடித்தோம் அல்லவா? ஒவ்வொருவராகச் சாப்பாடு வாங்கி வந்து உட்கார்ந்தால் நாலாவது ஆளுக்கு நாற்காலி எங்கே இருக்கும்?”

துண்டுகளுக்கு இடையிலான தூரம் கோப்பிலேயே நிர்ணயிக்கப்பட்டது, மாற்ற முடியாது. ஆகவே மிகக் கீழான முகவரியிலிருந்து மிக மேலான முகவரி வரை முழு நீளத்தையும், படிக்கவோ எழுதவோ இயக்கவோ உரிமை இல்லாத வெற்றுப் பக்கங்களாக ஏற்றி முதலில் பிடித்துவைக்கிறது. பிறகு ஒவ்வொரு துண்டையும் அதற்குள் உரிய இடத்தில் பதிக்கிறது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நினைவகத்தில் பக்கங்களைப் பதிக்கும் கணினி அழைப்பு எம்மேப். ‘இதே முகவரியில் வை’ என்ற அதன் பழைய கொடி, அங்கே ஏற்கெனவே யார் இருந்தாலும் அவர்களைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிடும். லினக்ஸ் 4.17இல் வந்த ‘இருப்பதை மாற்றாதே’ என்ற கொடி, இடம் காலியாக இல்லையென்றால் பிழை சொல்லித் திரும்பும். முதலில் இடம் பிடிக்கும்போது புதிய கொடி. பிடித்த இடத்துக்குள் துண்டுகளை வைக்கும்போது பழைய கொடி. இதை மாற்றிப் போட்டால் எமுலேட்டர் தன் சொந்த நினைவகத்தையே துடைத்துவிடும்.

விருந்தாளியின் முகவரியும் வீட்டுக்காரரின் முகவரியும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு விருந்தாளி முகவரியோடும் ஒரு மாறாத எண்ணைக் கூட்டினால் வீட்டுக்காரர் முகவரி கிடைக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது: மாடி எண்ணும் வீட்டு எண்ணும் அப்படியே இருக்கின்றன; புளோக் மட்டும் வேறு. 32 பிட் ஆர்ம் விருந்தாளியிடம் இது கட்டாயத் தேவையாகிறது. அதன் பழைய நிரல்கள் 32,768 போன்ற மிகத் தாழ்ந்த முகவரியில் தொடங்கும். லினக்ஸ் வீட்டுக்காரர் பொதுவாக 65,536க்குக் கீழே சாதாரண நிரல்களை அண்டவிடுவதில்லை. போதாக்குறைக்கு ஆர்ம் கெர்னல் சில உதவிச் செயல்கூறுகளை 4 ஜிபி வெளியின் உச்சிக்கு அருகே வைத்திருப்பதாக நிரல்கள் நம்புகின்றன. தரைத்தளமும் வேண்டும், மொட்டை மாடியும் வேண்டும் என்றால் முழுப் புளோக்கையும் எடுத்துக்கொள்வதுதான் வழி. அந்த மாறாத எண்ணைத் தேர்ந்தெடுக்கும் செயல்கூறுகளைத் தொடும் முன் நன்றாகத் தூங்கி எழுந்து வாருங்கள். நேரடி இணைப்பு, நகரக்கூடிய நிரல், பயனரே எண்ணைக் கொடுத்த நிலை என்று பல பாதைகள் அங்கே ஒன்றையொன்று வெட்டுகின்றன.

படி 5: பூச்சியத்தால் நிரப்புவது

ஏற்றியில் அதிகம் வழுக்கும் இடம் இதுதான் என்பது என் துணிபு. என் முதல் பெரிய தவறும் இங்கேதான் நடந்தது. ஆகவே மெதுவாகச் சொல்கிறேன்.

தொடக்க மதிப்பு இல்லாத உலகளாவிய மாறிகளுக்குக் கோப்பில் இடம் கிடையாது. துண்டின் நினைவக நீளம் கோப்பு நீளத்தைவிடப் பெரிதாக இருக்கும். வித்தியாசம் முழுவதையும் ஏற்றி பூச்சியத்தால் நிரப்ப வேண்டும். ஒரு துண்டு பக்க எல்லையில் தொடங்குகிறது, கோப்பு நீளம் 10,000, நினைவக நீளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். 4,096 பைட் பக்கங்களில் கோப்புப் பகுதி மூன்று பக்கங்களைப் பிடிக்கும். மூன்றாவது பக்கம் 12,288இல் முடிகிறது. எம்மேப் பக்கம் பக்கமாகத்தான் பதிக்கும். ஆகவே 10,000 முதல் 12,288 வரை, கோப்பில் அடுத்து என்ன இருக்கிறதோ அதுவும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த 2,288 பைட்களைக் கையால் துடைக்க வேண்டும். 12,288க்கு மேல் புதிய வெற்றுப் பக்கம் போட்டால் அது தானாகவே பூச்சியமாக இருக்கும்.

நான் எழுதிய நிரல் இதைச் சரியாகச் செய்தது. என் மடிக்கணினியில் எல்லாச் சோதனைகளும் தேறின.

பிறகு சிம் லிம் டவரில் ஒரு ராஸ்பெரி பை 5 வாங்கி வந்து அதில் ஓட்டினேன். அதன் இயல்பான கெர்னலில் ஒரு பக்கம் 16,384 பைட். இப்போது அந்த 15,000 பைட் துண்டு முழுவதும் வீட்டுக்காரரின் ஒரே பக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. 12,288இல் புதிய பக்கம் தொடங்க வழியே இல்லை. 10,000 முதல் 15,000 வரை முழுவதையும் கையால் துடைத்திருக்க வேண்டும். நான் எழுதியதோ விருந்தாளியின் பக்க எல்லையில் நின்றுவிட்டது.

இதிலும் வேடிக்கை, பிழைத்திருத்தத் தகவல் நீக்கிய நிரல் ஒழுங்காக ஓடியது. நீக்காத நிரல் மட்டும் விழுந்தது. கோப்பு முடிந்த பிறகு அந்தப் பக்கத்தின் மிச்சத்தைக் கெர்னலே பூச்சியமாகத் தருகிறது. நீக்கிய கோப்பு 12,288க்கு முன்பே முடிந்துவிட்டதால் என் தவறு மறைந்துகொண்டது. நீக்காத கோப்பில் வாலாக நீண்ட தகவல், பூச்சியமாக இருக்கவேண்டிய மாறிகளுக்குள் புகுந்துகொண்டது. எந்த மாறியைப் பார்க்கலாம் என்று தகவலோடு தொகுத்தால் விழுகிறது, தகவல் இல்லாமல் தொகுத்தால் ஓடுகிறது. இரண்டு வாரம் போயிற்று.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த நடைமுறை: ஏற்றியில் ‘பக்கம்’ என்ற சொல் வரும் ஒவ்வொரு வரியிலும் யாருடைய பக்கம் என்று கேளுங்கள். மாறியின் பெயரிலேயே விருந்தாளி, வீட்டுக்காரர் வேறுபாடு தெரியட்டும். 4 கேபி, 16 கேபி, 64 கேபி என்று மூன்று பக்க அளவுகளிலும் ஓட்டிப் பாருங்கள். 64 கேபிக்கு உங்களிடம் கணினி இல்லாவிட்டால், முழுக் கணினி முறையில் 64 கேபி பக்கத்தோடு தொகுத்த 64 பிட் ஆர்ம் கெர்னலை எழுப்பி அதற்குள் பயனர் முறை கியூஎமுவை ஓட்டலாம். எமுலேட்டருக்குள் எமுலேட்டர், மெதுவாகத்தான் நகரும், ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு வரலாம்.

படி 6: அடுக்கையும் துணைப் பட்டியலையும் நிரப்புங்கள்

நிரலின் முதல் கட்டளை ஓடும்போது அடுக்கின் நுனியில் அளபுருக்களின் எண்ணிக்கை, அதற்கு மேல் அளபுருச் சுட்டிகள், ஒரு பூச்சியம், சூழல் மாறிகளின் சுட்டிகள், மீண்டும் ஒரு பூச்சியம், பிறகு கெர்னல் நிரலுக்குச் சொல்லும் தகவல்கள் எண்-மதிப்பு இணைகளாக அடங்கிய துணைப் பட்டியல். இந்த வரிசை மாறக்கூடாது.

எக்ஸ்86-64இலும் 64 பிட் ஆர்மிலும் நுனி முகவரி 16ஆல் வகுபட வேண்டும். ஒவ்வொரு சொல்லும் 8 பைட் என்பதால், மொத்தச் சொற்கள் ஒற்றைப்படையானால் முகவரி 8 பைட் விலகும். சரிக்கட்ட மறந்த ஏற்றியில் நிரல் சில வேளை ஓடும், சில வேளை விழும். ஒரு சூழல் மாறியைக் கூட்டினால் விழும், இன்னொன்றைக் கூட்டினால் எழும். ‘என் கணினியில் ஓடுகிறது, நண்பன் கணினியில் ஓடவில்லை’ என்ற புகாரைக் கண்டால் நான் முதலில் பார்ப்பது இதை.

துணைப் பட்டியலில் மூன்று பதிவுகளுக்கு மட்டும் தனிக் கவனம் கொடுங்கள். 25ஆம் எண், 16 தற்செயல் பைட்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டி; லினக்ஸின் வழக்கமான சி நூலகமான கிளிப்சி அது இருக்கும் என்று நம்பித் தொடங்கும்போதே அங்கிருந்து படிக்கிறது. 16ஆம் எண், செயலியின் திறன்களைச் சொல்லும் பிட்கள். எமுலேட்டர் செய்யாத ஒன்றைச் ‘செய்வேன்’ என்று சொல்லிவிட்டால், சி நூலகம் அந்தத் திறனுக்கான வேகமான நகலெடுப்பைத் தேர்ந்துகொண்டு ‘முறையற்ற கட்டளை’ என்று விழும். செய்வதைச் சொல்லாமல் விட்டால் விழாது, மெதுவாக ஓடும். யாரும் புகார் செய்யமாட்டார்கள் என்பதால் அது இன்னும் கெட்டது. புதிய கட்டளைத் தொகுதியைச் சேர்க்கும் பேட்ச் வரும்போது, இந்தப் பிட்டையும் சேர்த்தார்களா என்று கேட்பது ஏற்றியைப் பராமரிப்பவரின் வேலை. 33ஆம் எண், கெர்னல் நிரலுக்குள் பதிக்கும் சிறு நூலகமான விடிஎஸ்ஓவின் தலைப்பைக் காட்டுவது. பயனர் முறையில் பல செயலிகளுக்கு அது 8.2 பதிப்பில்தான் வந்தது. பழைய பதிப்பில் சமிக்ஞை கையாளும்போது அழைப்புச் சங்கிலியைப் பின்தொடர முடியவில்லை என்ற புகார் வந்தால் அதை நினைவில் வையுங்கள்.

எல்டி_ஷோ_ஏயூஎக்ஸ்வி என்ற சூழல் மாறியை 1 ஆக்கி, கிளிப்சியோடு இணைந்த எந்த நிரலையும் ஓட்டினால் பட்டியல் முழுவதும் திரையில் வரும். உண்மையான வன்பொருளிலும் எமுலேட்டரிலும் எடுத்து அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

படி 7: இணைப்பியை மறக்காதீர்கள்

ஓடத் தொடங்கும்போது இணையும் நூலகங்களை நம்பும் நிரலில், அவற்றை இணைக்கும் இணைப்பியின் பாதை எழுதப்பட்டிருக்கும். அப்போது ஏற்றி இரண்டு கோப்புகளை ஏற்றுகிறது. ஓட்டம் தொடங்குவது இணைப்பியில். நிரலின் தொடக்க முகவரி துணைப் பட்டியலின் 9ஆம் பதிவில் போகிறது, இணைப்பி ஏறிய இடம் 7இல். இணைப்பி கிடைக்கவில்லை என்ற பிழை வழு அல்ல. விருந்தாளியின் நூலக அடைவை கியூஎமுவின் ‘எல்’ விருப்பத்தில் காட்டவேண்டும் என்று பதில் எழுதினால் போதும்.

படி 8: சிறிய, அசிங்கமான சோதனை நிரல்களைச் சேர்த்துவையுங்கள்

‘டெஸ்ட்ஸ்’ அடைவில் ‘டிசிஜி’ என்ற பகுதியில் விருந்தாளிகளுக்கான சோதனைகள் இருக்கின்றன. குறுக்குத் தொகுப்பிகள் இருந்தால், அல்லது டாக்கர், பாட்மேன் போன்ற ஒன்று இருந்தால், ‘மேக் செக்-டிசிஜி’ அவற்றைத் தொகுத்து ஓட்டும். திருத்தத்துக்கு முன் ஒருமுறை ஓட்டி முடிவைச் சேமியுங்கள். ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்த சோதனைக்கு நீங்கள் பொறுப்பேற்கக்கூடாது.

அவை போதா. தொகுக்கும்போது நிரலை உருவாக்கும் இணைப்பியை (மேலே சொன்னதல்ல) விதம்விதமாக வற்புறுத்தி நீங்களே விநோதக் கோப்புகளைச் செய்யுங்கள்: கோப்பு நீளமே பூச்சியமான துண்டு, ஒரே வீட்டுக்காரப் பக்கத்தில் சந்திக்கும் இரண்டு துண்டுகள், அடுக்கு இயக்க உரிமை கேட்கும் பழைய நிரல். என்னிடம் இப்படி ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பழைய புகாரின் மிச்சம்.

வழுவைத் துரத்தும்போது, எமுலேட்டரின் பதிவு விருப்பத்தில் பக்க வரைபடத்தையும் கணினி அழைப்புத் தடத்தையும் இயக்கிக்கொள்ளுங்கள். விருந்தாளி பார்க்கும் வரைபடத்தையும், வீட்டுக்காரரிடம் புரொக் அடைவின் வழியே தெரியும் வரைபடத்தையும் ஒப்பிட்டாலே பாதி வழுக்கள் பிடிபடும்.

படி 9: பேட்சை அனுப்புங்கள்

ஒரு பேட்சில் ஒரு மாற்றம். பெயர் மாற்றம், இடமாற்றம், நடத்தை மாற்றம் மூன்றும் மூன்று பேட்ச்கள். ஏற்றியில் இதை நான் கறாராகவே கேட்பேன், ஏனென்றால் இரண்டு ஆண்டு கழித்து யாரோ ‘கிட் பைசெக்ட்’ (வழு எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேடும் கட்டளை) செய்து உங்கள் பேட்சில் வந்து நிற்பார்கள். அது 400 வரியாக இருந்தால் அவர் பாவம். குறிப்பில் கெர்னல் என்ன செய்கிறது, கியூஎமு என்ன செய்தது, இனி என்ன செய்யும் என்று எழுதுங்கள். எந்தக் கமிட் வழுவைக் கொண்டுவந்ததோ அதை ‘ஃபிக்சஸ்’ வரியில் காட்டுங்கள். கையொப்ப வரி இல்லாத பேட்ச் ஏற்கப்படாது. நடைச் சோதனைக்கும், யாருக்கு அனுப்புவது என்று கண்டுபிடிப்பதற்கும் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ அடைவில் நிரல்கள் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு எழுதிய நிரலை ஏற்பதில்லை என்று திட்டம் 2025இல் கொள்கையாகவே அறிவித்துவிட்டது.

கியூஎமு ஆண்டுக்கு மூன்று முறை, ஏப்ரல், ஆகஸ்டு, டிசம்பர் வாக்கில் வெளிவருகிறது. வெளியீட்டுக்கு முந்தைய உறைநிலைக் காலத்தில் திருத்தங்கள் மட்டுமே போகும். ஏற்றியை மறுசீரமைக்கும் ஆசையை அப்போது அடக்கிவையுங்கள்.

இரவு 9 மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து அனுப்பினால் குளிர்காலத்தில் லண்டனில் மதியம் 1 மணி. ஐரோப்பியரின் கேள்வி படுக்கப்போகும் முன் வந்துவிடும். அமெரிக்க மேற்குக்கரைக்காரரின் கேள்வி காலை எம்ஆர்டியில் கைப்பேசியில் காத்திருக்கும். ரயிலில் நின்றுகொண்டே பதில் எழுதாதீர்கள். வீட்டுக்கு வந்து, அவர் சொன்ன கோப்பை மூன்று பக்க அளவுகளிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டாம் பதிப்பை அனுப்புங்கள். என் பூச்சிய நிரப்பல் திருத்தம் மூன்றாம் பதிப்பில்தான் உள்ளே போனது. உள்ளே போன மறுநாள் நிலைக்கிளைக்கும் அதை எடுத்துக்கொள்ளும்படி கேட்டு எழுதினேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ஓட்டுவது லினக்ஸ் வழங்கல்கள் கொடுக்கும் பழைய பதிப்பைத்தான்.